பறவைகளுக்குப் பேர் போட்டோம்

பள்ளித் தோட்டத்தில் இருபத்து மூன்று செடிகள் நின்றன. பதினான்கு செண்டுடுக், ஆறு கெமுந்திங், மூன்று கோழிக்கண். எல்லாம் இந்த மண்ணிலேயே காடாக முளைப்பவை, சிறு பழம் பழுப்பவை. வேலியிலிருந்து முதல் செடிக்கு நாற்பத்தோரு எட்டு. என் எட்டு கொஞ்சம் குறுகியது. முப்பத்தெட்டு என்று வைத்துக்கொண்டாலும் தவறில்லை.

மலாய் நாட்டு அவசரகாலத்தில் எங்கள் ரப்பர் எஸ்டேட்டில் தொழிலாளர் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்வேலி போட்டுப் பதினாறு மாதம் கழித்து ஓர் உத்தரவு வந்தது. வேலிக்கு உள்ளும் புறமும் ஐம்பது எட்டுத் தூரத்துக்கு, முழங்காலுக்கு மேல் எந்தச் செடியும் நிற்கக் கூடாது. ஆள் ஒளிய இடம் இருக்கக் கூடாது என்பதுதான் காரணம். என் செடிகளில் மிகக் குட்டையானதே இடுப்பளவு இருந்தது. வெட்டும் நாள் அடுத்த வார வியாழக்கிழமை என்று ஆபீஸ் பலகையில் ஒட்டியிருந்தார்கள். எனக்குக் கிடைத்தது எட்டு நாள். அந்த எட்டு நாளில் ஒன்பது தவறுகள் செய்தேன் என்று பிறகு கணக்குப் பார்த்தேன். அவற்றில் ஒன்று மட்டும் பெரியது.

முதலில் அந்தச் செடிகள் அங்கே வந்த கதையைச் சொல்ல வேண்டும்.

ரந்தாவுக்கும் கோலா சாவாவுக்கும் இடையில் இருந்த ஓர் எஸ்டேட்டின் தமிழ்ப் பள்ளி அது. ஒரே அறை, ஒரே வாத்தியார், இருபத்தேழு பிள்ளைகள். வாத்தியார் நான். வயது இருபத்து நான்கு. வேலி போட்டபோது லயங்களைச் சுற்றியிருந்த புதர்களையெல்லாம் வெட்டி எரித்துவிட்டார்கள். ஒரு மாதம் கழித்துப் பறவைகளைப் பற்றிய பாடம் வந்தது. இந்த வாரம் என்னென்ன பறவை பார்த்தீர்கள் என்று கேட்டேன். காக்கா என்றார்கள். ஒரு சிறுமி நெடுநேரம் யோசித்துவிட்டு, "எங்க வீட்டுக் கோழி சார்" என்றாள். கோழியையும் சேர்த்தால் இரண்டு. ரப்பர் மரத்தில் குருவிக்குத் தின்ன ஒன்றுமில்லை. புதரும் போனபின் அவை ஏன் வரப்போகின்றன?

எனக்கு இன்னொரு கவலையும் இருந்தது. அரிசியை அளந்து கொடுத்த காலம். பள்ளித் தோட்டத்தில் பிள்ளைகள் போட்ட பயிற்றங்காயும் கத்தரியும் வீடுகளுக்கு உண்மையிலேயே தேவைப்பட்டன. அந்தப் பருவத்தில் ஒரே பாத்தியில் ஒரு காலையில் நூற்று முப்பத்திரண்டு புழுக்களை எண்ணி எடுத்தோம். மறுநாள் அதே பாத்தியில் நூற்றுப் பத்தொன்பது. புழுவைத் தின்னக் குருவி வேண்டும். குருவியை வரவழைக்கப் பழம் வேண்டும். இது ஒன்றும் பெரிய சிந்தனை இல்லை. ஆனால் அதைச் சொன்னபோது எஸ்டேட்டே சிரித்தது.

களை எடுக்கும் ஆட்களுக்கு மேலாளாக ஒரு மண்டோர் இருந்தார். ரப்பர் மரங்களுக்கு அடியில் முளைக்கும் செண்டுடுக்கை வேரோடு பிடுங்கி எறிவதுதான் அவர் வேலை. ஊதாப் பூவும் கறுப்புப் பழமுமாக நிற்கும் செடி அது. தின்றால் நாக்கு கறுத்துவிடும். அவரிடம் போய், பிடுங்குவதில் இருபது செடி வேரும் மண்ணுமாக வேண்டும் என்று கேட்டேன்.

"எதுக்கு வாத்தியாரே, யாருக்காச்சும் வயித்தாலப் போகுதா, மருந்துக்கா?"

"இல்ல மண்டோரே, பள்ளிக்கூடத்துல நடப்போறேன்."

வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றிக்கொண்டு என்னைப் பார்த்தார். "இதப் புடுங்கிப் புடுங்கியே என் முதுகு வளஞ்சு போச்சு. ஒத்தச் செடிய விட்டு வச்சா தொரை என்னைக் கிழிச்சிருவாரு. நீங்க என்னடான்னா தண்ணி ஊத்தி வளக்கப் போறீங்க. படிச்சவங்க வேலையே தனிலா."

பின்னால் நின்ற பெண்களில் ஒருத்தி, "அப்படியே லாலாங் புல்லையும் கொஞ்சம் நட்டு வுடுங்க சார், பிள்ளைங்க மேயட்டும்" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

ஆனாலும் மறுநாள் மண்டோர் இருபது செடிகளைச் சாக்கில் போட்டு அனுப்பினார். ஆறு பட்டுப்போயின. கெமுந்திங் கடலோர மணலில் வளர்வது. அதற்காக ஒரு விடுமுறையில் பஸ் ஏறி சி ரூசா கடற்கரைக்குப் போனேன். மண்ணெண்ணெய் டின் ஒன்றில் மணல் நிரப்பி எட்டுக் கன்றுகளோடு திரும்பியபோது வழியில் சோதனை. டின்னுக்கு அடியில் அரிசி கடத்துகிறேனோ என்று மணலையெல்லாம் ரோட்டில் கொட்டிக் கிளறினார்கள். அதில் இரண்டு கன்று முறிந்தது. கோழிக்கண், கோலா சாவா கிராமத்தில் ஒரு மலாய்க்காரர் தம் வீட்டோரம் இருந்து தோண்டிக் கொடுத்தது. பழம் சிவந்து பிறகு கறுக்கும். கோழியின் கண்ணைப் போலவே இருக்கும்.

வேலி போட்ட பதினோராம் மாதம் செண்டுடுக் பழுத்தது. முதலில் வந்தது கட்டைவிரல் அளவுக் குருவி ஒன்று. உச்சந்தலையிலிருந்து வால் வரை முதுகு முழுவதும் சிவப்பு. பிறகு சின்னான் குருவிகள் வந்தன. சிவந்த கண்ணும் பளபளக்கும் கறுப்பு உடம்புமாக மைனா போன்ற பறவைகள் வந்தன. கோழிக்கண் பழுத்ததும் பச்சைப் புறாக்கள் கூட்டமாக இறங்கின. வேலிக்கு அப்பால் காட்டுப் பக்கமிருந்து வந்து, தின்றுவிட்டு, மேற்கே போய்விடும். சின்னான்கள் மட்டும் போகாமல் பயிற்றங்காய்ப் பாத்தியில் இறங்கிப் புழு பொறுக்கும்.

அவற்றை எண்ணும் வேலை பிள்ளைகளிடம் போனது. எஸ்டேட்டில் விடியற்காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்தி எண்ணுவதைப் பேரட்டு என்பார்கள். வேலைக்கு வந்தவருக்கு ஒரு நாள் கூலிக்கான பேர் விழும். பாதி வேலையில் திரும்பியவருக்கு அரைப் பேர். பிள்ளைகள் பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்த கணக்கு அது ஒன்றுதான். எனவே பள்ளி மணிக்கு முன் குருவிகளுக்குப் பேரட்டு எடுத்தார்கள். பழம் தின்றால் முழுப் பேர், வந்து உட்கார்ந்துவிட்டுத் தின்னாமல் போனால் அரைப் பேர். பெயர்களும் அவர்களே வைத்தார்கள்: செம்முதுகர், சிவப்புக் கண்ணர், பச்சைச் சட்டைக்காரர். நான் ஒரு நோட்டுப் புத்தகம் கொடுத்து, தினமும் ஒருவர் ஒரு பக்கம் எழுத வேண்டும் என்றேன். "வந்தன" என்றும் "தின்றன" என்றும் எழுத வேண்டிய இடத்தில் "வந்தனர்", "சாப்பிட்டனர்" என்று எழுதினார்கள். இலக்கணம் சொல்லிக் கொடுக்கும் நானே அதைத் திருத்தவில்லை. பேர் விழுந்தவர் எப்படி அஃறிணையாக இருக்க முடியும் என்று எனக்கும் தோன்றியிருக்க வேண்டும்.

உத்தரவு வந்ததும் ஆபீசுக்குப் போய் அங்கே எழுத்து வேலை பார்க்கும் கிராணியைப் பார்த்தேன். அவர் ஆங்கிலப் பள்ளியில் படித்தவர். தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பார். ஆபீசை விட்டு லயப் பக்கம் வருகிறவரும் அல்ல.

"வாத்தியாரே, இது நம்ம ஆபீஸ் உத்தரவு இல்ல, போலீஸ் உத்தரவு. நான் என்னா செய்ய முடியும்? தொரைக்கு எழுதிக் குடுங்க. ஆதாரம் ஏதாச்சும் இருந்தா முன்னாடியே குடுத்துட்டுப் போங்க, நான் வச்சிருக்கேன்."

நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்தேன். "இந்தச் செடிங்களுக்கு யார் யார் வராங்க, எல்லாம் இதுல இருக்கு" என்றேன். மனுவைத் திங்கட்கிழமை தருவதாகச் சொன்னேன், ஏனென்றால் என் ஆங்கிலத்துக்கு ஒரு கடிதம் மூன்று நாள் எடுக்கும். நான் செய்த பெரிய தவறு இதுதான். நூற்றுப் பன்னிரண்டு பக்கம் எழுதியிருந்தோம். அதில் ஓரிடத்திலும் பறவை என்ற சொல் இல்லை. எல்லாருக்கும் தெரிந்ததை யார் எழுதுவார்கள்?

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு, பாடத்தின் நடுவில், ஆபீஸ் பியூன் வந்து கூப்பிட்டார். உள்ளே எஸ்டேட் மானேஜர் துரை உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு போலீஸ் இன்ஸ்பெக்டர், மலாய்க்காரர், நாற்பது வயது இருக்கும். மேசை மேல் என் நோட்டுப் புத்தகம். கிராணி நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்து மெல்லத் தலையாட்டினார். அது பாராட்டு என்று எனக்கு அப்போது புரியவில்லை.

"துணிஞ்ச ஆளு வாத்தியாரே நீங்க" என்றார் தாழ்ந்த குரலில். "உள்ள இருக்கிறவங்களப் பத்தித் துப்பு குடுக்க யாருக்கு தைரியம் வரும்? முழுசா நான் மொழிபேத்துக் குடுத்துட்டேன்."

காட்டுக்குள் துப்பாக்கியோடு இருந்த கம்யூனிஸ்டுகளை நாங்கள் அப்படித்தான் சொல்வோம், உள்ளே இருக்கிறவர்கள் என்று.

இன்ஸ்பெக்டர் மலாயில் நிதானமாகக் கேட்டார். பச்சைச் சட்டைக்காரர் ஆறு ஓராங், சிவப்பு முதுகர் இரண்டு ஓராங், வேலியைத் தாண்டி வந்து, சாப்பிட்டு, மேற்கே போயிருக்கிறார்கள். இது நூற்றுப் பன்னிரண்டு நாளாக நடக்கிறது. இத்தனை நாள் ஏன் வாய் திறக்கவில்லை? சாப்பாடு கொடுத்தது யார்? ஒளிய உதவிய செடிகளை நட்டது யார்?

நட்டது நான் என்று சொன்னேன். அது உண்மை. ஆனால் அந்த நேரத்தில் சொல்லியிருக்க வேண்டிய முதல் உண்மை அதுவல்ல. துரை நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்தக் காலத்தில், உள்ளே இருக்கிறவர்களுக்குச் சோறு போட்டதாகச் சந்தேகம் வந்தாலே ஒருவரை விசாரணை இல்லாமல் கொண்டுபோய்விடலாம். மலாயில் மனிதரை எண்ணும்போது ஓராங் என்பார்கள். பறவையையும் விலங்கையும் எண்ணும்போது ஏக்கோர் என்பார்கள். ஏக்கோர் என்றால் வால். எனக்கு வாயில் வந்தது அது ஒன்றுதான்.

"ஓராங் இல்லை துவான்," என்றேன். "ஏக்கோர்."

இன்ஸ்பெக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "ஆறு ஏக்கோரா?"

"ஆறு ஏக்கோர். புறா, துவான். பச்சைப் புறா."

கிராணி நோட்டைப் பிடுங்கி நான்கைந்து பக்கங்களைப் புரட்டினார். "'சாப்பிட்டனர்'னு போட்டிருக்கே வாத்தியாரே. குருவி எங்கயாவது சாப்பிட்டனர்னு சாப்பிடுமா?" அவர் குரலில் கோபத்தை விட அவமானம் அதிகம். நியாயம்தான். அவருக்குத் தெரிந்த தமிழில் அவர் சரியாகத்தான் வாசித்திருந்தார்.

இன்ஸ்பெக்டர் முழுவதும் நம்பவில்லை. ஒரு பக்கத்தைத் தொட்டுக் காட்டி, "இந்த ஒருவனுக்கு அரை என்று போட்டிருக்கிறதே, அரை ஆளா, அரைப் புறாவா?" என்று கேட்டார். அரைப் பேரை மலாயில் விளக்கினேன். எவ்வளவு விளக்கினேனோ அவ்வளவு பொய் போலக் கேட்டது. கடைசியில் அவர் எழுந்து தொப்பியை எடுத்தார். நாளைக் காலை தாமே வந்து எண்ணுவதாகச் சொன்னார். எட்டு மணிக்குள் வால் உள்ளவை வந்தால் செடிகளைப் பற்றித் துரை முடிவு செய்துகொள்ளலாம். வராவிட்டால் செடிகள் நாளைக்கே வெட்டப்படும், என்னோடு அவர் வேறோர் இடத்தில் பேசுவார்.

அன்று மாலை பழங்களை எண்ணினேன். எண்ண முடிந்தது மூன்று செடிகளைத்தான். அதற்குள் மண்டோர் வந்துவிட்டார்.

"குருவிக்குப் பேர் போட்டு மாட்டிக்கிட்டீங்களாமே வாத்தியாரே. லயம் பூரா இதே பேச்சு."

"சிரிக்காதீங்க மண்டோரே."

"யாரு சிரிச்சா? நான் வந்து நிக்கிறேன் காலையில. இந்த எஸ்டேட்டுல ஆள எண்ணுறதுக்கு என்னைய விட்டா யாரு இருக்கா? அந்தப் பதினாலும் நான் புடுங்கிக் குடுத்த செடி. என் செடிய வேற ஒருத்தன் வெட்டுறதாவது."

மறுநாள் ஏழு மணிக்கு நாங்கள் ஐந்து பெரியவர்கள் பள்ளிச் சுவரோரம் நின்றோம்: துரை, இன்ஸ்பெக்டர், கிராணி, மண்டோர், நான். பிள்ளைகள் உள்ளே ஜன்னலோரம். அக்காவோடு வருவேன் என்று அழுது கூடவே வந்த ஒரு தம்பியையும் சேர்த்து இருபத்தெட்டுத் தலை. ஜீப் நேராகத் தோட்டம் வரை உறுமிக்கொண்டு வந்து நின்றதால், அதுவரை செடியில் இருந்தவை எல்லாம் பறந்துவிட்டன. ஏழு ஐந்துக்கு ஒன்றுமில்லை. ஏழு பத்துக்கு ஒன்றுமில்லை. வேலியின் மேல் ஒரு காகம் வந்து உட்கார்ந்து எங்களைப் பார்த்தது. துரை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நான் என் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. அது எப்போதும் நான்கு நிமிடம் பிந்தி ஓடும்.

ஏழு பதினேழுக்கு முதல் செண்டுடுக்கின் நுனியில் ஒரு செம்முதுகு வந்தது. கிளை அசையக்கூட இல்லை. இரண்டு முறை கத்திவிட்டு, தின்னாமல் போய்விட்டது.

"அரைப் பேரு" என்றார் மண்டோர் மூச்சுவிடாமல்.

என்ன சொல்கிறார் என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். கிராணி மொழிபெயர்த்தார், இம்முறை மிகக் கவனமாக. இன்ஸ்பெக்டரின் மீசை கொஞ்சம் அசைந்தது.

பிறகு நிற்கவில்லை. சின்னான்கள் இரண்டும் மூன்றுமாக வந்தன. சிவப்புக் கண் பறவைகள் நான்கு வந்து கெமுந்திங்கைக் குலுக்கின. போன செம்முதுகு தன் ஜோடியோடு திரும்பியது. இந்தத் தடவை தின்றது. "முழுப் பேரு ஆக்கிருங்க" என்று ஜன்னலிலிருந்து ஒரு குரல், உடனே நான்கைந்து குரல்கள் அதை அடக்கின. ஏழரைக்குக் காட்டுப் பக்கமிருந்து, வேலியைத் தாண்டி, பச்சைப் புறாக்கள் வந்தன. கோழிக்கண் செடிகள் மூன்றும் பாரத்தில் தாழ்ந்தன. இன்ஸ்பெக்டர் விரலை நீட்டி வாய்விட்டு மலாயில் இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணத் தொடங்கினார்: "டுவா ஏக்கோர், தீகா ஏக்கோர், அம்பாட் ஏக்கோர்..." ஒன்பது வரை போனார். ஓராங் என்று ஒரு முறைகூட வரவில்லை. அந்த எண்ணிக்கையைப் போல இனிய எண்ணிக்கையை நான் அதற்கு முன்னும் பின்னும் கேட்டதில்லை.

மொத்தம் எத்தனை என்பதில் ஒற்றுமை இல்லை. இன்ஸ்பெக்டர் இருபத்தொன்று என்றார், மண்டோர் இருபத்து மூன்று, நான் இருபத்திரண்டு. துரை பயிற்றங்காய்ப் பாத்திக்குள் இறங்கி இலைகளைத் திருப்பிப் பார்த்தார். நூற்று முப்பத்திரண்டு புழு எடுத்த அதே பாத்தி. கிராணி வழியாக, இப்போது எத்தனை என்று என்னைக் கேட்டார். நேற்று பதினாறு என்றேன். அவர் தாமே தேடி ஒன்பது கண்டுபிடித்தார். ஏழு அவர் கண்ணுக்குத் தப்பியிருக்கும்.

இன்ஸ்பெக்டர் குந்தி உட்கார்ந்து, பிறகு சீருடையோடு தரையில் கையூன்றி, செடிகளுக்கு அடியில் தலையை நீட்டிப் பார்த்தார். எழுந்து துரையிடம் ஆங்கிலத்தில் பேசினார். அடிக்கிளைகளை முழங்கால் உயரம் வரை கழித்துவிட வேண்டும், வேலிக்கு அப்பால் வரை தெரிய வேண்டும். அப்படி இருந்தால் இருபத்து மூன்றும் நிற்கலாம். துரை சரி என்று தலையாட்டினார். அவ்வளவுதான். அவ்வளவையும் முடிக்க அவர்களுக்கு இரண்டு நிமிடம் பிடித்தது.

போகும்போது இன்ஸ்பெக்டர் என் நோட்டைத் திருப்பித் தந்தார். அட்டையில் பெரிதாக, பறவை என்பதற்கான மலாய்ச் சொல்லை எழுதிக் கீழே கையெழுத்தும் போட்டிருந்தார். அடுத்தவனும் ஏமாறாமல் இருக்க என்றார். கிராணி கொஞ்சம் பின்தங்கி நின்று, "ஒரு வார்த்த, ஒரே ஒரு வார்த்த எழுதியிருந்தா என்னா வாத்தியாரே" என்றார். நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் செண்டுடுக் பழம் ஒன்றைப் பறித்து வாயில் போட்டுக்கொண்டு போனார். அன்று முழுவதும் ஆபீசில் கறுத்த நாக்கோடு பேசியிருப்பார்.

வியாழக்கிழமை வெட்டு நடந்தது. பாராங் கத்தி பிடித்த நாற்பத்தாறு பேர் வேலியோரம் வரிசையாக நகர்ந்தார்கள். இரண்டு பக்கமும் எல்லாம் சாய்ந்தது; லாலாங், கொடிகள், யாரோ வைத்திருந்த மரவள்ளி, எல்லாம். பள்ளித் தோட்டம் வந்ததும் மண்டோர் முன்னால் போய் நின்று திரும்பினார்.

"இங்க இருபத்து மூணு செடி இருக்கு. அடிக்கிளைய மட்டும்தான் கழிக்கணும். ஒன்னு கொறஞ்சுதுன்னா இன்னைக்கு எல்லாருக்கும் அரைப் பேருதான், ஆமா."

"புடுங்குற மண்டோரு காவக்கார மண்டோரா ஆயிட்டாருலா" என்றாள் லாலாங் நடச் சொன்ன அதே பெண்.

"நீ கைய வேலையில வையி தங்கச்சி."

சாயங்காலம் வேலி நெடுக மொட்டையான செம்மண். நடுவில் இருபத்து மூன்று செடிகள், அடியில் வெளிச்சம் புகுந்து, குடை பிடித்ததைப் போல. இவ்வளவு சத்தத்துக்கும் புகைக்கும் பிறகு பறவைகள் பயந்து வராமல் போய்விடுமோ என்று கவலைப்பட்டேன். மறுநாள் விடிந்ததும் போய் நின்றேன். சுற்றிலும் வேறு எங்கும் உட்கார ஒரு கிளை இல்லாததால், அந்தப் பக்கத்துப் பறவை முழுவதும் எங்களிடம் வந்திருந்தது. பிள்ளைகள் எண்ணி எண்ணி அழித்து எழுதினார்கள். ஐம்பத்து மூன்று. ஒரு சின்னானை இரண்டு முறை எண்ணியிருக்கலாம் என்று எனக்குச் சந்தேகம் இருந்தது, இருந்தாலும் திருத்தவில்லை. அன்று பள்ளி மணியை ஒன்பது நிமிடம் தாமதமாக அடித்தேன்.